கிரகண நிழலில் பூமியை அளந்த பேரறிஞர் அல்பீரூனி (ரஹ்)

 



2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் நிகழ்ந்த சூரிய கிரகணம் உங்களுக்கு நினைவிருக்கும். கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை போன்ற பகுதிகளில் சூரியன் நெருப்பு வளையமாகக் காட்சியளித்தது. நம் பள்ளியிலும் கிரகணத் தொழுகை நடைபெற்றது. ஆனால் அன்று நம் மஹல்லாவின் சில வீடுகளில் சமைத்த உணவு கீழே கொட்டப்பட்டதையும், கருவுற்ற பெண்கள் சன்னல் அடைத்த அறைக்குள் தண்ணீரும் அருந்தாமல் வைக்கப்பட்டதையும் நாம் பின்னர் அறிந்து வருந்தினோம். மார்க்கத்தில் இவற்றுக்கு ஆதாரம் இல்லை என்று எடுத்துரைத்தோம்.

அன்று மாலை மக்தப் மதரஸாவில் ஒரு சிறுவன் எழுந்து நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான். சந்திரன் குறுக்கே வருவதால்தான் சூரிய கிரகணம் என்றால், மாதந்தோறும் அமாவாசையன்று சந்திரன் அந்தப் பக்கம்தானே வருகிறது, பிறகு ஏன் மாதந்தோறும் கிரகணம் வருவதில்லை என்பதே அக்கேள்வி. கிரகணத் தொழுகையின் ருகூவுகள் பற்றிய மத்ஹபுகளின் கருத்து வேறுபாடுகளை விளக்கத் தெரிந்த நமக்கு, அந்தச் சிறுவனுக்குப் பதில் கூறத் தெரியவில்லை. அந்த வெட்கமே நம்மைத் தேட வைத்தது. தேடிய வழியில் நம்மை எதிர்கொண்டவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, கிரகணங்களைக் கண்ணால் கண்டும் கணக்கால் அளந்தும் நூல்கள் யாத்த பேரறிஞர் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனி (ரஹ்) அவர்கள்.

பிறப்பும் இளமையும்

அல்பீரூனி அவர்கள் ஹிஜ்ரி 362-ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதத்தில், அதாவது கி.பி. 973 செப்டம்பரில், குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரையொட்டிய பகுதியில் பிறந்தார்கள். இன்று அது உஸ்பெகிஸ்தானில் உள்ளது; அங்குள்ள ஒரு நகரம் அவர்கள் பெயராலேயே வழங்கப்படுகிறது. அரச குலத்தைச் சேர்ந்தவரும் கணித மேதையுமான அபூ நஸ்ர் மன்சூர் அவர்களே அவர்களின் ஆசான். பதினேழு வயதிலேயே நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து காத் நகரின் அட்சரேகையைக் கணித்தார்கள் என்றால், அவர்களின் ஆர்வத்தை நாம் உணரலாம்.

அந்த இளமைப் பருவத்தில் ஒரு தவறும் நேர்ந்தது. ஆர்வ மிகுதியால் சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் உற்று நோக்கியதில் அவர்களின் பார்வை பழுதடைந்தது. பிற்காலத்தில் அதை மறைக்காமல் தம் நூலில் எழுதி, சூரியனை நேரே பார்க்காமல் நீரில் விழும் அதன் பிம்பத்தைப் பார்ப்பதே நலம் என்று மற்றவர்களை எச்சரித்தார்கள். (நீரில் பார்ப்பதும் கண்ணுக்கு முழுப் பாதுகாப்பு அன்று என்பது இன்றைய மருத்துவம் கூறும் உண்மை. அதற்கென்றே செய்யப்பட்ட கண்ணாடி வழியாகவோ, சிறு துளை வழியே காகிதத்தில் விழும் பிம்பமாகவோ காண்பதே தக்கது.)

கி.பி. 995-இல் குவாரிஸ்மில் ஆட்சிக்கான போர் மூண்டது. ஆசானின் அரச குடும்பம் வீழ்ந்தது. பதினைந்து முழ விட்டமுள்ள ஒரு வளையத்தை நிறுவி வானை அளக்கத் தொடங்கியிருந்த அல்பீரூனி அவர்கள், அதை அப்படியே விட்டுவிட்டு உயிர் பிழைக்க ஊரை விட்டு ஓட நேர்ந்தது. ரய் நகரில் வறுமையில் வாடினார்கள். அங்கிருந்த கற்றவர் ஒருவர், அவர்களின் கருத்தை ஏழ்மையைக் காட்டியே இகழ்ந்து தள்ளினார். பின்னர் நிலைமை சீரானபோது அதே மனிதர் நண்பராக வந்தார். கல்வியைப் பொருளால் எடை போடும் இந்த நோய் ஆயிரம் ஆண்டுகளாகியும் நம்மை விட்டு நீங்கவில்லை.

ஓர் இரவு, இரு நகரங்கள்

கி.பி. 997 மே மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் நிகழவிருந்தது. அப்போது காத் திரும்பியிருந்த அல்பீரூனி அவர்களுக்கு வயது இருபத்து மூன்று. பக்தாதில் முதுபெரும் கணித அறிஞர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ (ரஹ்) வாழ்ந்து வந்தார்கள். இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஒரே கிரகணத்தை அவரவர் ஊரில் இருந்து கவனித்து, அது நிகழ்ந்த உள்ளூர் நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள்.

இதன் நுட்பத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். சூரிய கிரகணம் ஊருக்கு ஊர் வேறுபடும். ஓர் ஊரில் தெரிவது மற்றோர் ஊரில் தெரியாது. சந்திர கிரகணம் அவ்வாறன்று. பூமியின் நிழல் சந்திரன் மீதே விழுவதால், அவ்வேளையில் சந்திரன் தெரியும் ஊர்கள் அனைத்திலும் அது ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடியும். ஆனால் அந்தக் கணத்தில் ஒவ்வோர் ஊரின் நேரமும் வேறு. பூமியின் முழுச் சுற்று 360 பாகை. அதற்கு 24 மணி நேரம். எனவே ஒரு மணி நேர வேறுபாடு என்பது 15 பாகை தூரம். காத், பக்தாத் இரண்டுக்கும் இடையே சுமார் ஒரு மணி நேர வேறுபாடு இருப்பதை அவர்கள் கண்டார்கள். இன்றைய அளவும் அதற்கு மிக நெருக்கமானதே. தொலைபேசியோ கடிகாரமோ இல்லாத காலத்தில், அல்லாஹ் வானில் ஏற்றி வைத்த விளக்கையே கடிகாரமாகக் கொண்டு இரு நகரங்களின் தூரத்தை அளந்த செயல் இது. ஊர்களின் தீர்க்கரேகை சரியாகத் தெரிந்தால்தான் கிப்லாவின் திசையும் சரியாகத் தெரியும் என்பதை இங்கே நினைவிற் கொள்க.

பிறை வளர்வதும் தேய்வதும்

சிறுவனின் கேள்விக்கு வருவோம். அதற்கு முதற்படி பிறையை அறிவது.

சந்திரனுக்குச் சொந்த ஒளி இல்லை. சூரிய ஒளி எப்போதும் அதன் ஒரு பாதியில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒளி விழும் அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே நாளுக்கு நாள் மாறுகிறது. சூரியன் இருக்கும் திசையிலேயே சந்திரனும் இருக்கும்போது ஒளியுள்ள பாதி முழுவதும் அப்பால் திரும்பியிருக்கும். நமக்கு ஒன்றும் தெரியாது. இதையே அமாவாசை என்றும், அரபியில் இஜ்திமா என்றும் கூறுகிறோம். பிறகு சந்திரன் நாளொன்றுக்குச் சுமார் 12 பாகை வீதம் சூரியனை விட்டுக் கிழக்கே விலகுகிறது. விலக விலக ஒளியின் ஓரம் தெரிகிறது, அதுவே பிறை. ஏழெட்டு நாட்களில் அரைவட்டம், பதினான்கு அல்லது பதினைந்தாம் நாளில் சூரியனுக்கு நேர் எதிரே முழுநிலவு. மறுபாதி மாதத்தில் இதே வரிசை தலைகீழாக நடக்கிறது. பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை தேய்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பிழை. பூமியின் நிழல் சந்திர கிரகணத்தன்று மட்டுமே சந்திரனைத் தொடுகிறது.

ஓர் இஜ்திமாவிலிருந்து அடுத்த இஜ்திமா வரை சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடங்கள். நாளைப் பாதியாக வெட்ட இயலாது. ஆகவேதான் மாதம் சில வேளை 29, சில வேளை 30. அல்பீரூனி அவர்கள் கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் குர்கான் நாட்டு மன்னர் காபூஸுக்குக் காணிக்கையாக்கிய அல்ஆஸாருல் பாக்கியா என்னும் நூலில், பல சமுதாயங்களின் நாட்காட்டிகளை ஆராய்ந்தார்கள். 29, 30 என்று மாறி மாறி வரும் பட்டியலை வைத்தே ரமலானைத் தீர்மானித்துவிடலாம் என்று கூறியவர்களை அதில் மறுத்தார்கள். பிறை தெரிவது ஊரின் இருப்பிடம், சந்திரனின் உயரம், காற்றின் தெளிவு ஆகியவற்றையும் பொறுத்தது என விளக்கினார்கள்.

ஏன் மாதந்தோறும் கிரகணம் இல்லை?

கி.பி. 1029-இல் அல்பீரூனி அவர்கள் அத்தஃப்ஹீம் என்னும் நூலை எழுதினார்கள். குவாரிஸ்மைச் சேர்ந்த ஹசன் என்பாரின் மகள் ரைஹானா அவர்களுக்காகக் கேள்வி பதில் வடிவில் எழுதப்பட்ட நூல் அது. கணிதத்தையும் வானியலையும் கற்க விரும்பிய ஒரு பெண்மணிக்காக அக்காலத்தின் தலைசிறந்த அறிஞர் ஒரு நூலையே யாத்தளித்தார் என்பதைப் பெண் பிள்ளைகளைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும். பிறையின் வளர்ச்சியும் கிரகணங்களின் காரணமும் அந்நூலில் எளிமையாக விளக்கப்பட்டுள்ளன. அக்கால வானியலார் பூமியை நடுவில் வைத்தே கணக்கிட்டனர். எனினும் கிரகண விளக்கத்துக்கு அதனால் குறைவில்லை.

சூரியன் வானில் செல்லும் பாதை ஒன்று. சந்திரன் செல்லும் பாதை மற்றொன்று. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படியவில்லை. ஏறத்தாழ 5 பாகை சாய்ந்து, இரண்டே இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. 5 பாகை என்பது சிறிது என எண்ண வேண்டாம். வானில் சந்திரனின் அகலம் அரை பாகைதான். ஆகவே அமாவாசையன்று சந்திரன் சூரியனுக்கு மேலேயோ கீழேயோ தன்னைப்போல் பத்து மடங்கு தொலைவு வரை விலகிச் செல்லக்கூடும். முழுநிலவன்றும் அவ்வாறே பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிச் சென்றுவிடும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்த வெட்டும் இடங்களின் அருகே நிகழ்ந்தால் மட்டுமே மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமையும், அப்போதே கிரகணம். அவ்வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. சிறுவனின் கேள்விக்கு விடை இதுவே.

சந்திரனின் தூரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சுமார் 3,56,000 கி.மீ. முதல் 4,06,000 கி.மீ. வரை மாறுகிறது. அண்மையில் இருக்கும்போது சூரியனை முழுதாக மறைக்கிறது. தொலைவில் இருக்கும்போது சிறிதாகத் தெரிவதால் ஓரத்தை மறைக்க இயலாமல் வளையமாக விட்டுவிடுகிறது. கி.பி. 873 ஜூலை 28 அன்று நைசாபூரில் அபுல் அப்பாஸ் அல்ஈரான்ஷஹ்ரீ என்பவர் இத்தகைய வளைய கிரகணத்தைக் கண்ட செய்தியை அல்பீரூனி அவர்கள் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். 2019-இல் நாம் கண்டதும் அதே வகைதான்.

கைதியாகக் கஸ்னாவில்

கி.பி. 1017-இல் சுல்தான் மஹ்மூது கஸ்னவி குவாரிஸ்மைக் கைப்பற்றினார். அங்கிருந்த அறிஞர்களோடு அல்பீரூனி அவர்களும் கஸ்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிறந்த மண்ணை இழந்த நாற்பத்து நான்கு வயது அறிஞரின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு காபூல் அருகே இருந்தபோது, கருவிகள் ஏதும் கைவசம் இல்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் பாகைகளைக் கீறி, அதையே கருவியாக்கிச் சூரியனின் உயரத்தை அளந்தார்கள். 1019 ஏப்ரல் 8 அன்று மலைகள் சூழ்ந்த லம்கான் பள்ளத்தாக்கில் சூரிய கிரகணத்தைக் கண்டார்கள். மலைக்கு மேலே சூரியன் தோன்றியபோது அதன் மூன்றிலொரு பகுதி மறைந்திருந்ததையும், மறைவு குறைந்துகொண்டிருந்ததையும் குறித்து வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று கஸ்னாவில் சந்திர கிரகணம் தொடங்கிய வேளையை நட்சத்திரங்களின் உயரங்களைக் கொண்டு பதிவு செய்தார்கள். கஸ்னாவின் இருப்பிடத்தையும் அங்கிருந்து கிப்லாவின் திசையையும் கணிக்கும் தஹ்தீத் என்னும் நூல் 1025-இல் நிறைவுற்றது.

அதே கஸ்னாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம்மைப் போன்ற பள்ளிவாசல் ஊழியர்களுக்குப் பெரும் பாடம். தொழுகை நேரங்களைக் காட்டும் கருவி ஒன்று ஜாமிஆ பள்ளிவாசலுக்காக ஆக்கப்பட்டது. அதில் ரோமானியரின் மாதங்கள் இடம்பெற்றிருந்தன என்பதற்காகப் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஒருவர் அதை ஏற்க மறுத்தார். ரோமானியர் உணவு உண்கிறார்கள், கடைவீதியில் நடக்கிறார்கள். அவ்விரண்டிலும் அவர்களைப் பின்பற்றாமல் இருந்துகொள்ளும் என்று அல்பீரூனி அவர்கள் அவருக்குப் பதிலளித்தார்கள். பயனுள்ள அறிவு எங்கிருந்து வந்தாலும் அது மூமினின் தொலைந்துபோன பொருளே அன்றோ!

இந்தியாவும் ராகு கேதுவும்

கஸ்னாவில் வாழ்ந்த காலத்தில் அல்பீரூனி அவர்கள் இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளுக்கு வந்து, பண்டிதர்களோடு பழகி, சமஸ்கிருதம் பயின்றார்கள். 1030-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவைப் பற்றிய அவர்களின் பெருநூல் எழுதி முடிக்கப்பட்டது. சுல்தான் மஹ்மூதின் படையெடுப்புகள் அந்நாட்டின் செழிப்பைக் குலைத்ததையும், மக்கள் மனத்தில் வெறுப்பை விதைத்ததையும் அதில் தயங்காமல் எழுதினார்கள். பிற சமயத்தாரின் கொள்கைகளை அவர்களின் நூல்களைக் கொண்டே எடுத்துரைத்தார்கள், திரித்துக் கூறவில்லை.

கிரகணத்தைப் பற்றியும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. ராகு என்னும் தலை சந்திரனை விழுங்குவதாக மக்கள் நம்பினார்கள். ஆனால் சந்திரன் பூமியின் நிழலில் நுழைவதே கிரகணம் என்பதை வராகமிகிரர் தெளிவாக எழுதியிருந்ததை அல்பீரூனி அவர்கள் பாராட்டினார்கள். பிரம்மகுப்தர் இந்திய வானியலாரில் தலைசிறந்தவர் என ஒப்புக்கொண்ட அவர்கள், உண்மையை அறிந்தும் அவர் ஓரிடத்தில் ராகுவின் கதைக்கு ஆதரவாகப் பேசியதைக் கண்டித்தார்கள். உடனேயே, உண்மை பேசியதற்காகக் கிரேக்க ஞானி சாக்ரடீஸுக்கு நேர்ந்த கதி தமக்கும் நேருமோ என அவர் அஞ்சியிருக்கலாம் என்று இரக்கத்தோடும் எழுதினார்கள்.

இதைப் படித்தபோது நாம் வெகுநேரம் சிந்தித்தோம். அறிந்த உண்மையை ஊருக்கு அஞ்சி மென்று விழுங்கிய வேளைகள் நம் வாழ்விலும் உண்டு. கிரகண நேரத்தில் உணவைக் கொட்டும் வழக்கத்தைப் பெரியவர்கள் மனம் நோகுமே என்று பல ஆண்டுகள் நாமும் கண்டும் காணாமல் இருந்தோம்.

மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் (ரலி) அவர்கள் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அது கி.பி. 632 ஜனவரி 27 என்று வானியலார் கணக்கிடுகின்றனர். குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என மக்கள் பேசிக்கொண்டனர். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த துயரிலும் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பேச்சை அனுமதிக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று அறிவித்து, மக்களைத் தொழுகையின் பால் திருப்பினார்கள். அந்த வழியில் வந்தவர்கள்தாம் கிரகணத்தைக் கணக்கால் அறிந்த நம் முன்னோர்கள்.

இறுதி நாட்கள்

மஹ்மூதுக்குப் பின் அவர் மகன் மஸ்ஊது ஆட்சிக்கு வந்தார். அவர் பெயரால் அல்பீரூனி அவர்கள் இயற்றிய அல்கானூனுல் மஸ்ஊதி வானியலின் கலைக்களஞ்சியமாகத் திகழ்கிறது. அதற்குப் பரிசாக ஒரு யானைச் சுமை வெள்ளியைச் சுல்தான் அனுப்ப, தமக்குத் தேவையில்லை எனத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வரலாற்றில் கூறப்படுகிறது. அவர்கள் எழுதியவை சுமார் 146 நூல்கள் என ஆய்வாளர்கள் கணக்கிடுவர். அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இன்று எஞ்சியுள்ளது.

அவர்களின் மரணப் படுக்கையைப் பற்றி யாகூத் அல்ஹமவீ அவர்கள் குறித்துள்ள நிகழ்ச்சி உள்ளத்தை உருக்குவது. ஃபகீஹ் ஒருவர் நலம் விசாரிக்கச் சென்றார். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நிலையில், பாட்டிமார்களின் வாரிசுப் பங்கு பற்றி முன்பு ஒருநாள் பேசிய சட்டத்தை மீண்டும் விளக்குமாறு அல்பீரூனி அவர்கள் கேட்டார்கள். இந்த நிலையிலா என ஃபகீஹ் இரங்கினார். அதை அறியாமல் உலகை விட்டுப் பிரிவதை விட அறிந்து பிரிவது மேலல்லவா என்றார்கள். ஃபகீஹ் விளக்கினார், அவர்கள் மனனம் செய்துகொண்டார்கள். வெளியேறி வீதியில் நடக்கையிலேயே வீட்டிலிருந்து அழுகுரல் எழுந்தது. அவர்கள் ஹிஜ்ரி 440, கி.பி. 1048-இல் கஸ்னாவில் மறைந்ததாகப் பெரும்பாலான நூல்கள் குறிப்பிடுகின்றன. சந்திரனின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்கு இன்று அல்பீரூனி என்று பெயர்.

நமக்குரிய படிப்பினை

பிறை விஷயத்தில் நம்மிடையே நிலவும் கருத்து வேறுபாட்டுக்குத் தீர்ப்புக் கூற இக்கட்டுரை எழுதப்படவில்லை. அது உலமாக்கள் சபைக்குரியது. ஆனால் எத்தரப்பாரும் மறுக்க இயலாத ஒன்றை மட்டும் கூறுவோம். சூரிய கிரகணம் என்பது இஜ்திமா நம் கண்முன்னே நிகழ்வதாகும். எனவே கிரகணத்துக்கு முந்திய நாள் மாலையில் பிறை பார்த்ததாக எவரேனும் சாட்சி கூறினால், அவர் எவ்வளவு நல்லவராயினும் அவர் கண் பிழைத்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். இந்த அளவு அறிவேனும் நம் பிறைக் கமிட்டியினரிடம் இருந்தால், பாதி வாக்குவாதங்கள் எழாமலே போகும்.

இப்போது நம் மக்தபில் ஒரு விளக்கு, ஓர் எலுமிச்சம்பழம், ஒரு பந்து ஆகியவற்றைக் கொண்டு பிறையையும் கிரகணத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டி வருகிறோம். கேள்வி கேட்ட சிறுவனே பழத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து, சற்று மேலே தூக்கி, நிழல் தவறுவதைச் சிறியவர்களுக்குக் காட்டுகிறான். அடுத்த கிரகணத்தன்று நம் மஹல்லாவில் எந்த வீட்டிலும் உணவு கொட்டப்படாமலும், எந்தக் கருவுற்ற சகோதரியும் பசியோடு அடைபடாமலும் இருக்க, தாய்மார்களையும் அந்தப் பாடத்திற்கு அழைக்கவிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ், அல்பீரூனி (ரஹ்) அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! அறிந்ததை அஞ்சாமல் கூறவும், அறியாததை வெட்கப்படாமல் கற்கவும் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.